முகப்புக் கிராதியைக் கழற்றும் முன்

பினாங்கில் போருக்கு முந்திய பலகை வீடு வைத்திருக்கும் நம்மவர்கள் இப்போது அதிகம் இல்லை. இருப்பவர்களிலும் பலர் விற்பதா, இடிப்பதா, செப்பனிடுவதா என்று முடிவெடுக்க முடியாமலேயே வருடங்களை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். நான் செப்பனிடுவது என்று முடிவு செய்தேன். முழு வீட்டையும் அல்ல, முகப்பில் இருக்கும் பூவேலை மரக் கிராதியை மட்டும்தான். அதற்கே போதும் போதும் என்றாகிவிட்டது. பணம் போனது, ஒரு வருடத்துக்கும் மேல் மன நிம்மதி போனது, சில பலகைகள் திரும்ப வராமலே போயின. அண்ணன் கிள்ளானில், தம்பி ஆஸ்திரேலியாவில். எல்லாவற்றையும் தனியாகவே பார்க்க வேண்டியிருந்தது. தொடங்கும்போது விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீடு டத்தோ கெராமாட் சாலைக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில் இருக்கிறது. துறைமுகத்தில் கிராணியாக இருந்த என் தாத்தா வாங்கியது. முகப்பு நெற்றியில் 1932 என்று சுண்ணாம்பில் எழுதியிருக்கும். செங்கல் தூண்களின் மேல் தூக்கிக் கட்டிய பலகை வீடு. படி ஏறினால் அகலமான முகப்பு, அதைச் சுற்றி இந்தக் கிராதி. தூணுக்குத் தூண் கடைசல் கால்கள் வரிசையாக நிற்கும். நடுவில் ஒரு பூவேலைப் பலகை. அதில் ஒரு கொடி வளைந்து ஏறி, உச்சியில் பாதிச் சூரியனைப்போலக் கதிர் விரிந்திருக்கும். இப்படிப் பதினொரு பலகைகள். ஹட்டன் லேன், ஆர்கைல் சாலை பக்கம் நடந்தால் இதே சாயலில் இன்னும் சில வீடுகளைப் பார்க்கலாம். ஆனால் அச்சு அசல் இதே கொடியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. தினமும் காலையில் அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் வாசலைப் பார்ப்பார்.

பிரச்சினை மெல்லத்தான் தெரிந்தது. கைப்பிடியில் கை வைத்தால் ஆடியது. காப்பிக் கொட்டை நிறச் சாயம் மேலுக்கு மேல் ஏறி, கொடியின் இலை விளிம்பெல்லாம் மொழுமொழுவென்று ஆகிவிட்டிருந்தது. கீழ்ச்சட்டத்தில் சாயம் கொப்புளித்து, விரலால் அழுத்தினால் உள்ளே போனது. சரி, ஆள் பார்ப்போம் என்று விசாரித்தேன். வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அலுமினியம் போடுங்கள். ஒருவர் 9,800 வெள்ளி (ரிங்கிட்) என்று எழுதியே கொடுத்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தொண்ணூறு வருடம் மழையையும் வெயிலையும் தாங்கிய மரத்துக்கு ஒருவர்கூட ஓர் உளியை எடுத்துக் குத்திப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னதுதான் என்னை அதிகம் புண்படுத்தியது.

அப்போதுதான் ஒரு குத்தகைக்காரர் வந்தார். பழைய மரவேலைதான் தனக்கு உயிர் என்றார். கைபேசியில் வேறு வீடுகளின் படங்களைக் காட்டினார். மொத்தம் 13,000 வெள்ளி, முன்பணம் பாதி. 6,500 வெள்ளி கொடுத்தேன். அவருடைய ஆட்கள் வந்த அன்றே முகப்பில் வைத்துச் சுழல் அரவை இயந்திரத்தால் சாயத்தை அரைக்கத் தொடங்கினார்கள். சாம்பல் நிறத் தூசி துளசி மாடத்தின் மேலும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் படிந்தது. நிறுத்தச் சொன்னேன். அப்படியென்றால் பட்டறைக்குக் கொண்டுபோய்த்தான் செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் கழற்றி லோரியில் அடுக்கிவிட்டார்கள். எந்தப் பலகை எந்த இடத்தில் இருந்தது என்று ஒரு குறியும் போடவில்லை. ஆணிகளை நெம்பி எடுத்ததில் கால்களின் நுனி சிம்பு சிம்பாகப் பிளந்தது. அன்று சாயங்காலம் அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, "வாசலே மூளியா இருக்கு"ன்னு சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கிராதி இருந்த இடத்தில் நைலான் கயிறு கட்டி வைத்திருந்தோம்.

மாதக்கணக்கில் அலைந்து, கெஞ்சி, கோபப்பட்டு, கடைசியில் ஒரு லோரியில் சாமான் திரும்பி வந்தது. பதினொரு பலகையில் எட்டுதான் பழையது. மூன்று இடத்துக்கு ஏதோ இலேசான வெள்ளை மரத்தில் புதிதாக வெட்டி, பிரைமர் பூசிக் கொடுத்திருந்தார்கள். அதில் கொடி இருந்தது, கதிர் இல்லை. பழைய எட்டும் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி எடுக்கப்பட்டவை. சாயம் போயிருந்தது, ஆனால் மரம் கறுத்து, நார் நாராக எழும்பி, தொட்டால் பழைய கோணிச் சாக்குபோல இருந்தது. பசை விட்டுப்போய் இணைப்புகள் வாயைத் திறந்துகொண்டிருந்தன. மூன்று பழைய பலகைகள் எங்கே என்று கேட்டேன். "உளுத்துப்போச்சு, போட்டாச்சு" என்றார். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. அன்று இரவு முகப்பில் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பணத்துக்காக அல்ல. தாத்தா காலத்திலிருந்து வந்த ஒன்று என் பொறுப்பில் இருந்தபோது போய்விட்டதே என்றுதான்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, முதலில் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கிராதியைக் கழற்றாமல், இருந்த இடத்திலேயே செப்பனிட முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும். கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால், அதற்கு முன் ஒவ்வொரு தூண் இடைவெளிக்கும் ஓர் எண் கொடுத்து, வரைபடம் போட்டு, ஒவ்வொரு துண்டின் மறைவான பக்கத்திலும் அந்த எண்ணை உலோக அச்சால் குத்திவிடுங்கள். பேனாவில் எழுதினால் சாயம் உரிக்கும்போது அழிந்துவிடும். அளவு நாடா தெரிகிற மாதிரி நேராக நின்று படம் எடுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், பழுப்பு நிற உறைத்தாளைப் பூவேலைப் பலகையின் மேல் விரித்து, கரியாலோ மெழுகாலோ தேய்த்து முழு அளவில் பிரதி எடுத்து வையுங்கள். எடுத்து முடிக்க ஒரு பிற்பகல் போதும். பலகையே காணாமல் போனாலும் வடிவம் உங்கள் கையில் இருக்கும். ஒரே மாதிரி பலகைகள் பல இருந்தால், ஒன்றை மட்டும் எதுவும் செய்யாமல் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள்.

பணத்தைப் பற்றி. முன்பணம் பாதி என்று கேட்டால் ஒத்துக்கொள்ள வேண்டாம். மரம் வாங்க ஒரு சிறு தொகை, அப்புறம் ஒவ்வொரு தூண் இடைவெளியும் முடிய முடியக் கொடுப்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். எந்த மரம், எந்த முறையில் சாயம் உரிப்பது, பழையதில் எது மாற்றப்படும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். உரிமையாளர் பார்க்காமல் ஒரு துண்டையும் தூக்கிப் போடக்கூடாது என்ற வரியும் கட்டாயம் வேண்டும். என்னிடம் இருந்தது ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும்தான். ஆனால் அதை வைத்தே மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போனேன். பலருக்கு இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. 50,000 வெள்ளி வரைக்குமான கோரிக்கையை அங்கே கொண்டு போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். வக்கீல் தேவையில்லை, நாமே பேசலாம். சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் எதிர்த்தரப்பு அதன்படி நடக்காவிட்டால் அது குற்றமாகிறது. எனக்கு 4,000 வெள்ளி திரும்பக் கிடைத்தது. 2,500 போனது போனதுதான். பலகைக்கு விலை போட அங்கே யாராலும் முடியவில்லை.

அடுத்தது ஈயம். இதைத்தான் எல்லோரும் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள், எனக்கு இன்றும் பதறும் விஷயமும் இதுதான். பழைய எண்ணெய்ச் சாயங்களில் ஈயம் சேர்ப்பது அந்தக் காலத்தில் சர்வசாதாரணம். அதைக் காய்ந்த நிலையில் அரைத்தால் நுண்ணிய தூசியாகி மூச்சிலும், தரையில் தவழும் குழந்தையின் கையிலும் போய்ச் சேரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். இரத்தத்தில் இவ்வளவு வரை இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இதையெல்லாம் படித்துவிட்டு, இணையத்தில் சோதனைக் குச்சி வாங்கினேன். மேல் சாயத்தில் தேய்த்தால் பயனில்லை. கத்தியால் சாய்வாக மரம் வரைக்கும் கீறி, எல்லா அடுக்கும் தெரிகிற மாதிரி வைத்துத் தேய்க்க வேண்டும். கழற்றாமல் நின்ற மூலைத் தூணில் அப்படிச் செய்தேன். அடியில் இருந்த பச்சை அடுக்கைத் தொட்டதும் குச்சி சிவந்தது. நேரே பக்கத்து வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லி, இரண்டு வீட்டுத் தரையையும் ஈரத்துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தோம். முகப்புக்குக் கீழே இருந்த மேல்மண்ணை வழித்தெடுத்துக் கட்டிவிட்டு, அங்கிருந்த கறிவேப்பிலையைத் தொட்டிக்கு மாற்றினோம். அந்தப் பிள்ளைகளின் அம்மா இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனார். முடிவு வரும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, பயப்படும்படி ஒன்றுமில்லை.

ஆகவே சாயம் உரிக்கும்போது தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துச் சுரண்டுங்கள். தரையில் கனமான பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும். சாதாரணத் துணி முகக்கவசம் உதவாது, தூசி வடிகட்டி உள்ள பி100 வகைக் கவசம் வேண்டும். சூட்டுக் காற்றுக் கருவியைப் பயன்படுத்தலாம், ஆனால் குறைந்த சூட்டில்தான். 600 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ஈயமே புகையாகக் கிளம்பும், மரமும் கருகும். உரித்த சாயத்தைக் கொல்லையில் குப்பையோடு போட்டு எரிப்பது நம் வீடுகளில் வழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வேலை செய்த உடுப்பைத் தனியாகத் துவைக்க வேண்டும். குழந்தையும் கர்ப்பிணியும் அந்தப் பக்கமே வரக்கூடாது.

இனி ஆள் தேடிய கதை. ஜார்ஜ்டவுனில் ஒரு காலத்தில் கடைத்தெருவுக்குள்ளேயே தச்சர்கள் பட்டறை வைத்திருந்தார்கள். வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நீங்கியதும் வாடகை ஏறி, குடியிருந்தவர்களோடு அவர்களும் சிதறிப் போனார்கள். கடைசல் பட்டறை எங்கே இருக்கிறது என்று கேட்டால் இளைஞர்கள் விழிக்கிறார்கள். கோயில் வாகனங்களைச் செப்பனிடுபவர் யார் என்று கேட்டுப் பாருங்கள் என்று ஒரு மாமி சொன்னார். அந்த வழியில்தான் பட்டர்வொர்த் பக்கம் இருந்த ஓர் ஆசாரி கிடைத்தார். எழுபதைத் தாண்டியவர், அதிகம் பேச மாட்டார். வந்ததும் திருப்புளியை எடுத்து ஒவ்வொரு தூணையும் அடியிலிருந்து குத்திக்கொண்டே போனார். எங்கே நுனி உள்ளே இறங்குகிறதோ அங்கே சாக்கட்டியால் கோடு. முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கோடுகள் எல்லாமே அடியில் ஒரு சாண் உயரத்துக்குள் இருந்தன.

"தங்கச்சி, மேல எல்லாம் வைரம் பாஞ்ச மரம். நீங்க இருக்கிற வரைக்கும் நிக்கும், உங்க பேரப்பிள்ளைக்கும் நிக்கும். கால்லதான் சீக்கு. அதுவும் மரத்தோட குத்தம் இல்ல" என்றார்.

பிறகு தூணடியைக் காட்டினார். எண்பதுகளில் முகப்புத் தரைக்கு டைல் போட்டபோது, வேலைக்காரர்கள் தூணின் காலைச் சுற்றிச் சிமெண்டைக் குவித்துக் கிண்ணம்போல் பூசியிருந்தார்கள். பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும். ஆனால் மரத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி எப்படியும் விழும். மழைநீர் அதில் இறங்கினால் வெளியே வர வழி இல்லை. மரத்தை நாருக்குக் குறுக்கே அறுத்த வெட்டுமுகம்தான் தண்ணீரை அதிகம் குடிக்கும். தூணின் வெட்டுமுகமோ அந்தக் கிண்ணத்துக்குள் நாற்பது வருடமாக ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆசாரி உளியால் சிமெண்டை ஒரு தட்டுத் தட்டி உடைத்ததும், உள்ளே மரம் காப்பித் தூள் மாதிரி கொட்டியது. அதற்கு ஒரு விரற்கடை மேலே உளி படும்போது கணீரென்று சத்தம் வந்தது. உங்கள் வீட்டில் மரத்தூண் சிமெண்டுக்குள் போகிற இடம் எங்காவது இருந்தால், இதைப் படித்து முடித்ததும் போய்ப் பாருங்கள். கிராதி முழுவதையும் மாற்றச் சொன்ன எவருமே குனிந்து அந்த இடத்தைப் பார்க்கவில்லை.

அவர் செய்தது இதுதான். ஒவ்வொரு தூணிலும் கெட்ட பாகத்தை மட்டும் நீளச் சாய்வாக அறுத்து எடுத்தார். அதே சாய்வில் புது மரத்தை வெட்டிப் பொருத்தி, எப்பாக்சிப் பசையும் மர முளையும் போட்டு இணைத்தார். ஒட்டு குட்டையாக இருந்தால் பிடிக்காது, தூணின் தடிமனைப்போல் நாலு மடங்காவது நீளம் வேண்டும் என்பார். புதுக் காலைச் சிமெண்டுக்குள் இறக்கவில்லை. துருப்பிடிக்காத எஃகுத் தட்டின் மேல், தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி நிறுத்தினார். கீழ்ச்சட்டத்தின் மேல்முகம் முன்பு தட்டையாக இருந்தது. அதை இரண்டு பக்கமும் சரிவாக இழைத்தார். கடைசல் கால் உட்காரும் ஒவ்வொரு துளைக்கும் அடியில் கால் அங்குல ஓட்டை போட்டார், உள்ளே போகிற தண்ணீர் கீழே சொட்டிவிடும். கைப்பிடியின் அடிப்பக்கம் ஓரமாக ஒரு காடி இழுத்தார். மழைநீர் அதைத் தாண்டி உள்ளே ஊர்ந்து வராது. எந்த வெட்டுமுகத்தையும் பொருத்துவதற்கு முன் பிரைமரில் நன்றாக ஊறவைத்தார். மேலே மட்டும் பூசிவிட்டு உள்ளே பச்சையாக விடுகிற வேலையைத்தான் நான் முன்பு பார்த்திருந்தேன். திருகாணி எல்லாம் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு. கடற்காற்று உள்ள ஊரில் சாதாரண இரும்பு சீக்கிரம் துருவேறும், அதோடு இந்த மரத்தின் துவர்ப்புச் சாறும் சேர்ந்தால் கறுப்பாகக் கறை வடியும்.

மரம் வாங்குவது தனிப் பாடம். எங்கள் கிராதி செங்கால் மரம், திரெங்கானுவில் படகு கட்டும் அதே மரம். புதிதாக நல்லது கிடைப்பது கஷ்டம், விலையும் அதிகம். மரக்கடையில் டன் கணக்கில் விலை சொல்வார்கள். இங்கே மர டன் என்பது எடை இல்லை, 50 கன அடி. அது தெரியாமல் போனால் விலையை ஒப்பிடவே முடியாது. பாலம் தாண்டி, இடித்த கம்போங் வீடுகளின் சாமான் விற்கும் ஒரு இடத்தில் பழைய செங்கால் உத்தரம் கிடைத்தது. பழைய மரத்தில் ஆதாயம், அது காய்ந்து ஒழுங்கான நிலைக்கு வந்திருக்கும், இனிமேல் முறுக்கிக்கொள்ளாது. ஆனால் உள்ளே ஆணி இருக்கும். காந்தம் வைத்துத் தேடி எடுத்த பிறகுதான் அறுக்கத் தருவார்கள். ஓரத்தில் வெளிறிய பாகம் இருந்தால் வாங்காதீர்கள், கரையான் முதலில் அங்கேதான் வரும். ஈரமானி ஒன்று அறுபது வெள்ளிக்குக் கிடைக்கிறது, கையோடு கொண்டு போங்கள். எங்கள் ஊர்க் காற்றில் மரம் தானாகக் காய்ந்து 15, 16 விழுக்காட்டில் வந்து நிற்கும். 20-க்கு மேல் காட்டினால் அது இன்னும் பச்சை, சாயத்தைத் தள்ளிவிடும்.

சோடாவில் முக்கிய எட்டுப் பலகைகளைப் பார்த்ததும் ஆசாரிக்கே முகம் சுருங்கிவிட்டது. காரம் மரத்துக்குள் இருக்கும் வரை எந்தச் சாயமும் நிற்காது. பல முறை நல்ல தண்ணீரில் கழுவி, வினிகர் கலந்த தண்ணீரால் காரத்தை முறித்து, மறுபடி கழுவி, நிழலில் வாரக்கணக்கில் காயவைத்தோம். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். அப்புறம் எழும்பிய நாரை உப்புத்தாளால் தேய்த்தோம். இலை விளிம்புகளை அவர் சிற்றுளியால் ஒவ்வொன்றாகத் திருத்தினார். எட்டில் ஏழு பிழைத்தது. கொடியின் நடுவில் ஓர் இலை இருக்கிறது, அதன் நரம்பு ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் ஆழமாக வெட்டப்பட்டிருக்கும். எல்லாப் பலகையிலும் அப்படித்தான். சாயம் மொத்தமாக ஏறியிருந்த காலத்தில் அது எங்கள் கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை. முதலில் செதுக்கியவரின் கைப்பழக்கம் அது என்றார் ஆசாரி. புதிதாகச் செய்த நாலு பலகையிலும் அதே நரம்பை அதே பக்கம் ஆழமாக வெட்டினார். நான் கேட்டுக்கொள்ளவில்லை, அவராகவே செய்தார்.

கரையானைப் பற்றிச் சுருக்கமாக. மரவேலைக்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். செங்கல் தூணில் மண் குழாய் ஓடியிருந்தால் கூடு மண்ணுக்குள் உயிரோடு இருக்கிறது என்று பொருள். மேலே மருந்து அடித்தால் வழியை மாற்றிக்கொண்டு வேறு பக்கம் ஏறும். கூட்டையே அழிக்கும் தீனிப்பொறி முறைக்குக் காலம் பிடிக்கும், ஆனால் பழைய பலகை வீட்டுக்கு அதுதான் சரிப்பட்டது.

பருவமும் முக்கியம். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கொட்டும். அந்தச் சமயத்தில் சாய வேலைக்கு யார் நாள் குறித்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஜனவரி, பிப்ரவரிதான் காய்ந்த மாதங்கள். எங்களுடையது பொங்கல் முடிந்து தொடங்கியது, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற நாட்களில் மட்டும் நிறுத்தி வைத்தோம். எண்ணெய்ப் பிரைமர் ஒரு பூச்சு, மேல் சாயம் இரண்டு பூச்சு, எல்லாமே மெல்லியதாக. உச்சி வெயிலில் பூசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே கொப்புளிக்கும் என்பதால் காலையில் நிழல் இருக்கும் பக்கம், மாலையில் மறு பக்கம். நிறத்துக்கு நான் யாரிடமும் கேட்கவில்லை. மூலைத் தூணில் ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தை அடுக்கடுக்காகச் சுரண்டினேன். காப்பி நிறம், அதன் கீழ் பாலேடு நிறம், அதன் கீழ் வெளிர் நீலம், கடைசியில் மரத்தோடு ஒட்டி அந்தப் பச்சை. பச்சையையே கலக்கச் சொன்னேன்.

பழைய கிராதிகள் உயரம் குறைவு, எங்களுடையது முப்பது அங்குலம்தான். சின்னப் பிள்ளைகள் வருகிற வீடு. கைப்பிடியை உயர்த்தினால் முகப்பின் அமைப்பே கெட்டுவிடும் என்று, உள்பக்கமாகத் தனியாக நிற்கும் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று போட்டிருக்கிறோம். பழைய மரத்தில் ஓர் ஓட்டைகூட இல்லாமல், வேண்டாத அன்று கழற்றிவிடலாம். கால்களுக்கு இடையில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள், குழந்தையின் தலை மாட்டிக்கொள்ளக்கூடாது.

அனுமதி விஷயம் இடத்தைப் பொறுத்தது. 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ அறிவித்த ஜார்ஜ்டவுன் மரபுடைமை வட்டாரம் மையமும் சுற்றுப் பகுதியுமாகச் சுமார் 259 ஹெக்டர். உங்கள் வீடு அதற்குள் இருந்தால், ஆணி பிடுங்குவதற்கு முன்பே பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் மரபுடைமைப் பிரிவில் கேட்க வேண்டும். வீடு எந்த வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து விதி மாறும். எங்கள் வீடு எல்லைக்கு வெளியே. அதனால் கட்டுப்பாடு குறைவு, ஆனால் வழிகாட்ட வருகிற ஆளும் இல்லை. வெளியே இருக்கும் வீடுகள்தான் சத்தமில்லாமல் அலுமினியத்துக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. இது எனக்கு உண்மையான வருத்தம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆசாரி கூலி 7,200, மரம் 1,900, சாயம், பசை, திருகாணி எல்லாம் சேர்த்து 1,150, ஈயச் சோதனை, முகக்கவசம், விரிப்பு 380, கரையான் 1,600. ஆக 12,230 வெள்ளி. முதலில் போன 2,500-ஐச் சேர்த்தால் 14,730. அலுமினியத்தைவிடக் கிட்டத்தட்ட 5,000 வெள்ளி அதிகம். பலகைகள் சோடாத் தொட்டிக்குப் போகாமல் இருந்திருந்தால் கூலியில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும் என்றார் ஆசாரி. என்னைக் கேட்டால், 14,730-உம் தகும்.

இப்போது பராமரிப்புக்கு அதிகம் செலவில்லை. மழைக்காலம் முடிந்ததும் மென்மையான துணியால் கழுவி, கீழ்ச்சட்டத்து ஓட்டைகளில் தூசி அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்திவிடுகிறேன். சாயத்தில் கீறல் தெரிந்தால் அன்றே தொட்டுப் பூசிவிடுகிறேன். அதற்காக ஒரு சிறு டின் பச்சைச் சாயம், கலவை எண்ணை மூடியில் எழுதி எடுத்து வைத்திருக்கிறேன். பதினொரு பலகைக்கும் முழு அளவுத் தாள் பிரதிகள் ஒரு பிளாஸ்டிக் குழாயில் சுருட்டி அலமாரியின் மேல் இருக்கின்றன. தம்பிக்கும் அண்ணனுக்கும் அதன் படங்களை அனுப்பியாயிற்று. மூலைத் தூணில் சுரண்டிய அந்த இடத்தை மட்டும் சாயம் பூசாமல் மெழுகு தடவி விட்டிருக்கிறேன், அடுத்து யார் இதைச் செப்பனிட வந்தாலும் அடுக்குகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.